தரவுத்தள வடிவமைப்பில் திரும்பத் திரும்ப வரும் வார்ப்புகளைக் கற்பது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வி இது: ஒரே தகவல் பல இடங்களில் வராதபடி அட்டவணைகளைப் பிரிக்கும் நார்மலைசேஷன் படித்தாயிற்று, ஓர் அட்டவணையைக் கொடுத்தால் அதை மூன்றாம் இயல்வடிவம் வரை கொண்டுபோக முடிகிறது, ஆனாலும் புதிய வேலை வரும்போதெல்லாம் வெற்றுத் தாளிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. நிரல் எழுதுவோருக்கு டிசைன் பேட்டர்ன்கள் இருப்பதைப்போல, அட்டவணைகளில் தரவை வைக்கும் ரிலேஷனல் தரவுத்தளங்களின் ஸ்கீமாவுக்கும், அதாவது அவற்றின் அட்டவணை அமைப்புக்கும், பல வேலைகளில் பயன்படும் வார்ப்புகள் உண்டா? உண்டென்றால் அவற்றை எப்படிக் கற்பது?

உண்டு. ஏழெட்டு வார்ப்புகளை ஆழமாகப் புரிந்துகொண்டவர், மருத்துவமனையோ மளிகைக் கடையோ பேருந்து நிறுவனமோ, எந்த வேலையையும் நம்பிக்கையோடு தொடங்கலாம். ஆனால் அவற்றை வரைபடங்களாக மனப்பாடம் செய்து பயனில்லை. ஒவ்வொரு வார்ப்பும் உலகத்தைப் பற்றிய ஒரு கேள்விக்குக் கிடைத்த விடை. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவதே உண்மையான கற்றல். அதைக் காட்டுவதற்காகச் சில வார்ப்புகளை நிதானமாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, பிறகு பயிற்சி முறைக்கு வருகிறேன்.

நீங்கள் படித்த இயல்வடிவங்கள் ஏன் போதவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் 1970-இல் ரிலேஷனல் மாதிரியை முன்வைத்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் இரண்டாம், மூன்றாம் இயல்வடிவங்களும், ரேமண்ட் பாய்ஸுடன் சேர்ந்து வகுத்த பாய்ஸ்-காட் இயல்வடிவமும் வந்துவிட்டன. ஒரே உண்மை இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருந்தால் ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறந்துவிடும் ஆபத்து உண்டு. அந்த ஆபத்து இல்லாதபடி அட்டவணைகளைப் பிரிக்கும் முறையையே அவை கற்றுத் தருகின்றன. எந்த உண்மைகளைப் பதிய வேண்டும் என்பது ஏற்கெனவே தெரிந்திருப்பதாக அவை எடுத்துக்கொள்கின்றன. இன்று ஒன்றாக இருக்கும் வரி விகிதம் நாளை மாறும் என்றோ, இன்றைய வாடிக்கையாளர் நாளை நமக்கே சரக்கு தருவார் என்றோ எந்த இயல்வடிவமும் உங்களுக்கு நினைவூட்டாது. யாப்பிலக்கணம் படித்த எல்லோராலும் வெண்பா எழுத முடிவதில்லை. நல்ல வெண்பாக்கள் பலவற்றைப் படித்து, அவற்றின் ஓசை காதில் தங்கிய பிறகே அது கைகூடுகிறது. வார்ப்புகளைக் கற்பதும் அப்படிப்பட்ட பழக்கமே.

வார்ப்பு என்ற எண்ணம் கட்டடக் கலையிலிருந்து வந்தது. கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் 1977-இல் வீடுகளிலும் ஊர்களிலும் மீண்டும் மீண்டும் எழும் சிக்கல்களையும் அவற்றின் தீர்வுகளையும் தொகுத்தார். மென்பொருளாளர்கள் 1990களில் அதை நிரலுக்கும் தரவு மாதிரிகளுக்கும் கொண்டுவந்தார்கள். வார்ப்பு ஒவ்வொன்றையும் மூன்று பகுதிகளோடு கற்க வேண்டும்: எந்தச் சிக்கலில் அது தேவைப்படுகிறது, அதன் வடிவம் என்ன, அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன. மூன்றாவது பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விலை தெரியாமல் வார்ப்பைக் கற்றவர், பத்துப் பேர் பயன்படுத்தும் சிறு செயலிக்கும் வங்கிக்குரிய ஸ்கீமாவை வரைந்துவிடுவார்.

ஒரு மொத்த மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். புதிதாக வடிவமைப்பவர் ‘வாடிக்கையாளர்’ என்று ஓர் அட்டவணையும் ‘சரக்கு தருபவர்’ என்று இன்னோர் அட்டவணையும் வரைவார். செக்கு வைத்திருக்கும் ஒருவர் கடைக்கு நல்லெண்ணெய் தருகிறார். அவரே மாதந்தோறும் தம் ஆட்களுக்கு அரிசியும் பருப்பும் அங்கே கடனுக்கு வாங்குகிறார். இப்போது அவர் இரண்டு அட்டவணைகளிலும் இருக்கிறார். அவருடைய தொலைபேசி எண் மாறினால் இரண்டு இடங்களில் திருத்த வேண்டும். அதைவிட முக்கியமாக, கழித்துப் பார்த்தால் நாம் அவருக்குத் தர வேண்டுமா, அவர் நமக்குத் தர வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டால், இருவரும் ஒருவரே என்பது தரவுத்தளத்துக்குத் தெரியாது.

இந்தப் பிழையின் வேர், ‘வாடிக்கையாளர்’ என்பதை ஒரு வகை மனிதராக நினைத்ததில் இருக்கிறது. உண்மையில் அது ஒருவருக்கும் கடைக்கும் இடையிலான உறவு. ஆகவே மனிதர்களும் நிறுவனங்களும் ‘தரப்பு’ என்ற ஒரே அட்டவணையில் இருக்க வேண்டும். யார் எந்த உறவில், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை இருக்கிறார் என்பது தனி அட்டவணையாக வேண்டும். இதைத்தான் தரப்பும் பங்கும் என்ற வார்ப்பாகச் சொல்கிறார்கள். மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியரே நோயாளியாகச் சேரும்போதும், கல்லூரியில் படித்து முடித்த மாணவரே விரிவுரையாளராக வரும்போதும் இதே வடிவம் எழுகிறது. இதற்கான விலை, தரவைக் கேட்டெடுக்க எந்தக் குவெரியை எழுதினாலும், அட்டவணைகளை இணைக்கும் ஜாயின் ஒன்று கூடுதலாக வேண்டும் என்பதும், ‘வாடிக்கையாளராக இருப்பவருக்கு மட்டுமே கடன் வரம்பு உண்டு’ போன்ற விதிகளைத் தரவுத்தளமே காக்கும் கட்டுப்பாடாக எழுதுவது கடினமாகிறது என்பதும் ஆகும். வாங்குபவரும் விற்பவரும் ஒருபோதும் ஒருவராக இராத தொழிலில் இந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

இதே இடத்தில் பெயர் பற்றியும் ஒரு சொல். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டாய நெடுவரிசைகள் வைக்கும் வழக்கம் பல மாதிரி ஸ்கீமாக்களில் இருக்கிறது. தலைப்பெழுத்தோடு பெயர் எழுதும் நம் மக்களிடம் அதைக் கொண்டுபோனால், குடும்பப்பெயரின் இடத்தில் தந்தை பெயரோ வெறும் புள்ளியோதான் வந்து விழும். முழுப் பெயருக்கு ஒரே நெடுவரிசை போதும். பிற ஊரில் உருவான வார்ப்பு அந்த ஊரின் அனுமானங்களையும் சுமந்து வருகிறது என்பதை இந்தச் சிறு விஷயம் நன்றாக உணர்த்துகிறது.

அடுத்தது நான் மிக முக்கியமாகக் கருதும் வார்ப்பு: காலம். வாட் வரி நடப்பில் இருந்த நாட்களில் ஒரு கடைக்கு நான் எழுதிக் கொடுத்த பில் மென்பொருளில், பொருளின் விலையும் வரியும் பொருள் அட்டவணையில் மட்டுமே இருந்தன. பில்லின் உருப்படியில் பொருளின் எண்ணும் அளவும் மட்டும் இருந்தன. அது மிகச் சரியான மூன்றாம் இயல்வடிவம் என்று நான் நம்பியிருந்தேன். ஆண்டு இறுதியில் கணக்காளர் பழைய பில் ஒன்றை மறுபடி அச்சிட்டபோது, கையெழுத்திட்ட மூலப் பில்லில் இருந்த தொகையும் அச்சில் வந்த தொகையும் வேறாக இருந்தன. இடையில் விலை ஏறியிருந்தது. எங்கள் தரவுத்தளம் பழைய பில்கள் அனைத்தையும் புதிய விலைக்கு அமைதியாக மாற்றி எழுதியிருந்தது. அந்த இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்த நாளை நான் மறக்கவில்லை.

இதையே அண்மைக்கால நிகழ்வு ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது, தலைக்குத் தடவும் எண்ணெய், பற்பசை, ஷாம்பு போன்றவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரி நீங்கலாக 100 ரூபாய் விலையுள்ள எண்ணெய்ப் புட்டியை ஒருவர் செப்டம்பர் 20 அன்று 118 ரூபாய்க்கு வாங்கி, 25 அன்று திருப்பித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடை அவருக்குத் திருப்பித் தர வேண்டியது அவர் கொடுத்த 118 ரூபாய். வரி விகிதம் பொருள் அட்டவணையில் ஒற்றை எண்ணாக இருந்தால், கணினி 105 என்று காட்டும்.

இங்கே இரண்டு வார்ப்புகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். முதலாவது, வரி விகிதம் தனி அட்டவணைக்குப் போய், ஒவ்வொரு பதிவிலும் அது எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்பது இருக்க வேண்டும். இரண்டாவது, பில் எழுதப்படும் நொடியில் நடப்பில் உள்ள விலையும் விகிதமும் பில்லின் உருப்படியிலேயே நகலெடுக்கப்பட வேண்டும். ‘இது ஒரே உண்மையை இரண்டு இடத்தில் எழுதுவதாகாதா, இயல்வடிவத்துக்கு எதிரானதாகாதா’ என்று நார்மலைசேஷனை நன்கு படித்த மாணவர்கள் கேட்பார்கள். ஆகாது. ‘இந்தப் பொருளுக்கு இன்றைய வரி என்ன’ என்பது ஓர் உண்மை. ‘இந்தப் பில்லில் என்ன வரி வாங்கினோம்’ என்பது வேறோர் உண்மை. இரண்டும் ஒரு நொடியில் ஒரே எண்ணாக இருந்தது தற்செயல். முன்னது மாறும், பின்னது என்றும் மாறாது. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால், ஆர்டரில் நகலெடுக்க வேண்டிய முகவரி எது, வேறோர் அட்டவணையின் பதிவைச் சுட்டும் ஃபாரின் கீயால் மட்டும் குறிக்க வேண்டிய முகவரி எது என்பதெல்லாம் தாமாகவே விளங்கும்.

நாள் வரம்புகளைப் பதியும்போது, தொடக்க நாள் சேரும், முடிவு நாள் சேராது என்ற மரபைப் பின்பற்றுங்கள். பழைய விகிதத்தின் முடிவும் புதிய விகிதத்தின் தொடக்கமும் 2025 செப்டம்பர் 22 என்றே இருக்கும். இடைவெளியும் வராது, ஒரு நாளுக்கு இரண்டு விகிதங்களும் வராது. ஆனால் மரபு மட்டும் போதாது. ஒரே பொருளுக்கு இரண்டு வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதைத் தரவுத்தளமே மறுக்க வேண்டும். ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் சாதாரண யூனிக் கட்டுப்பாட்டால் இது முடியாது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 2010-இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து, ஒன்றோடொன்று மோதும் பதிவுகளை மறுக்கும் எக்ஸ்குளூஷன் கட்டுப்பாடுகளும், 2012-இல் வந்த 9.2 பதிப்பிலிருந்து, தொடக்கத்தையும் முடிவையும் ஒரே மதிப்பாக வைக்கும் வரம்பு வகைகளும் இதற்காகவே இருக்கின்றன. தரவுத்தளங்களின் மொழியான எஸ்கியூஎல்லின் 2011-ஆம் ஆண்டுத் தரநிலையும் காலம் சார்ந்த அட்டவணைகளை முறைப்படி ஏற்றுக்கொண்டது.

இன்னும் ஒரு படி உண்டு. சரக்கு தருபவர் 10-ஆம் தேதி முதல் விலையை ஏற்றிவிட்டார். அந்தச் செய்தி 15-ஆம் தேதிதான் கடைக்கு வந்து பதிவாயிற்று. 12-ஆம் தேதி உண்மையான விலை என்ன என்பது ஒரு கேள்வி. 12-ஆம் தேதி நாம் எதை விலை என்று எண்ணியிருந்தோம் என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் விடை தேவைப்படும் இடங்களில் இரட்டைக் காலம் வைக்க வேண்டும்: உண்மை செல்லுபடியான காலம் ஒன்று, நமக்குத் தெரியவந்த காலம் ஒன்று. காப்பீட்டிலும் சம்பளக் கணக்கிலும் இது தவிர்க்க முடியாதது. மற்ற இடங்களில் குவெரிகளின் சிக்கல் இருமடங்காகும் என்பதால், உறுதியான தேவை தெரியும்வரை நான் இதை வைப்பதில்லை.

இருப்புக் கணக்கு அடுத்த வார்ப்பு. ‘இருப்பு’ என்று ஒரு நெடுவரிசை வைத்து, விற்கும்போதெல்லாம் அதைக் குறைத்துக்கொண்டே போவது இயல்பாகத் தோன்றும். 40 மூட்டை இருக்க வேண்டிய இடத்தில் 37 இருந்தால், மூன்று மூட்டைகள் எப்போது, யாரால், ஏன் போயின என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது. இதற்கான விடையைக் கணக்கெழுதுபவர்கள் கணினிக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கண்டுவிட்டார்கள். லூகா பச்சியோலி 1494-இல் வெனிஸில் அச்சிட்ட நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கியிருக்கிறார். நம் வணிகர்களும் சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று பிரித்து எழுதியவர்களே. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது, எழுதியதை அழிக்காமல் இருப்பது, தவறு நேர்ந்தால் எதிர்ப்பதிவு போடுவது, இருப்பைக் கூட்டிக் கழித்துக் காண்பது என்பவை அதன் சாரம்.

அட்டவணையில் இது ‘நகர்வு’ என்று அமையும்: எந்தப் பொருள், எத்தனை, எங்கிருந்து, எங்கே, எப்போது, யார் பதிந்தது. வாடிக்கையாளர், சரக்கு தருபவர், சேதம் ஆகியவற்றையும் இடங்களாகவே வைத்துக்கொண்டால் வாங்கியது, விற்றது, எலி கடித்தது எல்லாம் ஒரே வடிவத்தில் பதிவாகும். எந்த மூட்டையும் காற்றில் மறையாது. இதற்கான விலை வேகம். லட்சக்கணக்கான நகர்வுகளை ஒவ்வொரு முறையும் கூட்டுவது தாமதமாகும். அப்போது இன்றைய இருப்பைத் தனியே ஓர் அட்டவணையில் வைத்து, நகர்வைப் பதியும் அதே டிரான்சாக்ஷனுக்குள் (முழுவதும் நிகழும் அல்லது எதுவுமே நிகழாத செயல்தொகுதிக்குள்) அதையும் மாற்ற வேண்டும். இரண்டும் முரண்பட்டால் நகர்வே மெய், இருப்பு அதன் நிழல் என்பதைக் குழுவில் எல்லோரும் ஏற்றிருக்க வேண்டும்.

படிநிலைகளுக்கான வார்ப்புகளைச் சற்று வேகமாகக் கடக்கிறேன். மாநிலம், மாவட்டம், வட்டம், கிராமம் என்பதுபோல அடுக்குகளின் எண்ணிக்கை நிலையாக இருந்தால் அடுக்குக்கு ஓர் அட்டவணை போதும். பொருள்களின் வகைப்பிரிவுபோல ஆழம் தெரியாதது என்றால், ஒவ்வொரு பதிவும் தன் மேல்பதிவைச் சுட்டும் எளிய வடிவத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் இடது, வலது என இரண்டு எண்கள் தந்து, மேல்பதிவின் எண்களுக்குள் கீழ்ப்பதிவுகளின் எண்கள் அடங்கும்படி வைக்கும் நெஸ்டட் செட் முறையைப் பழைய நூல்களும் கட்டுரைகளும் மிகவும் போற்றும். அன்றைக்கு அதற்கு நியாயம் இருந்தது. தன்னைத்தானே அழைக்கும் குவெரி 1999-இன் எஸ்கியூஎல் தரநிலையில் இடம்பெற்றாலும், போஸ்ட்கிரெஸுக்கு 2009-இலும் மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளுக்கு 2018-இல் வந்த 8.0 பதிப்பிலும்தான் அது வந்து சேர்ந்தது. இன்று பெரும்பாலான வேலைகளுக்கு மேல்பதிவுச் சுட்டியும் அந்தக் குவெரியுமே போதும். நடுவில் ஒரு கிளையைச் சேர்த்தால் மரத்தின் பாதி எண்களைத் திருத்த வேண்டிய முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்த வார்ப்பைப் படித்தாலும், அது எந்த ஆண்டில், எந்தக் குறையைச் சுற்றிப் போவதற்காக உருவாயிற்று என்று பாருங்கள்.

படிநிலைக்கும் காலம் உண்டு. 2019 நவம்பரில் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தென்காசி மாவட்டம் பிரிந்தது. வட்டத்தின் பதிவில் மாவட்ட எண்ணை மாற்றிவிட்டால், 2018-இன் திருநெல்வேலி மாவட்ட விற்பனை அறிக்கையை இன்று எடுக்கும்போது தென்காசி வட்டத்தின் விற்பனை அதில் இராது. வட்டம் எந்த மாவட்டத்தின்கீழ் இருந்தது என்பதையும் வரி விகிதத்தைப் போலவே நாள் வரம்போடு பதிய வேண்டும். வார்ப்புகள் இப்படி ஒன்றோடொன்று சேரும் இடங்களைக் கண்டுகொள்வதே தேர்ச்சியின் அடையாளம் என்று நினைக்கிறேன்.

வகையும் உள்வகையும் பற்றியும் அறிந்திருக்க வேண்டும். பணம் வந்தது ரொக்கமாகவா, காசோலையாகவா, யூபிஐ வழியாகவா என்பதைப் பொறுத்துப் பதிய வேண்டிய விவரங்கள் மாறும். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் வைக்கலாம்; பொதுவானவற்றை ஒன்றிலும் சிறப்பானவற்றைத் தனித்தனி அட்டவணைகளிலும் வைக்கலாம்; வகைக்கு ஒரு முழு அட்டவணையும் வைக்கலாம். வேறுபாடு இரண்டு மூன்று நெடுவரிசைகள் மட்டும் என்றால் நான் முதல் வழியையே எடுப்பேன். ஆனால் ‘காசோலை என்றால் காசோலை எண் இருந்தாக வேண்டும், ரொக்கம் என்றால் இருக்கக் கூடாது’ என்ற செக் கட்டுப்பாடு கூடவே வர வேண்டும். மைஎஸ்கியூஎல் 2019-இல் வந்த 8.0.16 பதிப்புக்கு முன்புவரை செக் கட்டுப்பாட்டை எழுத அனுமதித்தது, ஆனால் செயல்படுத்தவில்லை. பிழைச்செய்தியும் தராமல் கடந்து சென்றது. பழைய பதிப்பில் ஓடும் தரவுத்தளத்தை நீங்கள் பொறுப்பேற்றால், ஸ்கீமாவில் எழுதியிருப்பதை நம்பாமல், தவறான பதிவு ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

கட்டுப்பாடுகளை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வரைபடத்தில் பெட்டிகளையும் கோடுகளையும் மட்டும் பார்த்துக் கற்ற வார்ப்பு பாதி வார்ப்புதான். மீதிப் பாதி, எந்தத் தவறான தரவை இந்த வடிவம் உள்ளே விடாது என்பதில் இருக்கிறது. ‘எந்த அட்டவணை, அதில் எந்த எண்’ என்று இரண்டு நெடுவரிசைகளை வைத்து எதையும் எதனோடும் இணைக்கும் வழக்கம் நிரலாளர்கள் பயன்படுத்தும் பல கட்டமைப்புகளில் (ஃபிரேம்வொர்க்குகளில்) இருக்கிறது. குறிப்புகளையும் கோப்புகளையும் ஒட்டி வைப்பதற்கு அது வசதியாகத் தெரியும். ஆனால் அதன்மேல் ஃபாரின் கீ போட முடியாது. பில்லை நீக்கினால் அதன் குறிப்புகள் அநாதையாகக் கிடக்கும். அத்தகைய இடத்தில், சுட்டப்படக்கூடிய ஒவ்வொன்றுக்கும் தனி ஃபாரின் கீ நெடுவரிசை வைத்து, அவற்றில் சரியாக ஒன்று மட்டுமே நிரம்பியிருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்துவது நல்லது.

தவிர்க்க வேண்டியதாகப் பெயர் பெற்ற வார்ப்பு ஒன்றையும் கற்றாக வேண்டும்: பொருள், பண்பு, மதிப்பு என்ற மூன்று நெடுவரிசைகளில் உலகத்தையே அடக்கும் முறை. புதிய பண்பு வந்தாலும் அட்டவணையை மாற்ற வேண்டியதில்லை என்பது அதன் கவர்ச்சி. நடைமுறையில், எடை என்ற பண்புக்கு ஒருவர் ‘1 கிலோ’ என்றும் இன்னொருவர் ‘1கி’ என்றும் மூன்றாமவர் ‘1000 கிராம்’ என்றும் பதிவார். மொத்த எடையைக் கூட்ட முடியாது. எண்ணா, நாளா, எழுத்தா என்று தரவுத்தளம் சரிபார்க்கவும் முடியாது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஆயிரக்கணக்கான சோதனைகளில் சில மட்டுமே செய்யப்படும் மருத்துவப் பதிவுகளைப் போன்ற இடங்களில் இதற்கு நியாயம் உண்டு. அங்கேயும் ஒவ்வொரு பண்புக்கும் வகையும் அலகும் சொல்லும் அட்டவணை துணைக்கு வேண்டும். மற்ற இடங்களில், உறுதியான பண்புகளை நெடுவரிசைகளாகவும், அடிக்கடி மாறும் மீதியை, பெயர்-மதிப்பு இணைகளை ஒன்றாக அடக்கும் ஒரு ஜேசன் நெடுவரிசையிலும் வைக்கலாம். 2014-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 9.4 பதிப்பிலிருந்து அதில் விரைவாகத் தேட நல்ல இண்டெக்ஸ் வசதியும் இருக்கிறது.

இனி, எப்படிக் கற்பது. நூல்கள் இருக்கின்றன, டேவிட் ஹேயும் லென் சில்வர்ஸ்டனும் 1990களில் வணிகத் தரவு மாதிரிகளைத் தொகுத்து எழுதியவை இன்றும் படிக்கத் தக்கவை. ஆனால் அவற்றின் மாதிரிகள் பெரிய நிறுவனங்களுக்காக வரையப்பட்டவை. அப்படியே எடுத்துக்கொண்டால் அளவு பெரிய சட்டையைப் போலத் தொங்கும். அவற்றைவிட முதலில், பலர் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் திறமூல மென்பொருள்களின் ஸ்கீமாவைப் படிக்கச் சொல்வேன். பணம் எதுவும் தேவையில்லை. உங்கள் கணினியில் நிறுவி, அட்டவணைகளைத் திறந்து, ஒரு செயலைச் செய்து, எந்தப் பதிவு எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதும்.

மூன்று மென்பொருள்களைச் சொல்கிறேன். வணிக நிர்வாக மென்பொருளான ஓடூவில் வாங்குபவர், விற்பவர், நிறுவனம், அதில் தொடர்புக்குரிய ஆள் எல்லோரும் ‘பார்ட்னர்’ என்ற ஒரே அட்டவணையில் இருப்பதைக் காண்பீர்கள். மேலே சொன்ன தரப்பு வார்ப்பு அதுதான். சரக்கு நகர்வுகள் ஓர் அட்டவணையிலும் கையிருப்பு வேறோர் அட்டவணையிலும் இருக்கும். வாடிக்கையாளரும் சேதாரமும்கூட அங்கே இடங்களாக இருக்கும். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியில் பக்கம் ஓர் அட்டவணை, திருத்தம் ஓர் அட்டவணை. பக்கத்தின் பதிவு தன் கடைசித் திருத்தத்தைச் சுட்டி நிற்கும். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் வரலாற்றைத் திறந்து பழைய வடிவத்தைப் படிக்க முடிவது இந்த வார்ப்பால்தான். வலைத்தளங்கள் அமைக்கப் பயன்படும் வேர்ட்பிரஸில் பதிவுகளின் கூடுதல் விவரங்கள் பெயர்-மதிப்பு இணைகளாக, மதிப்பு நெடுவரிசை முழுவதும் நீண்ட எழுத்தாக இருக்கும். செருகுநிரல்கள் ஆயிரக்கணக்கில் பெருக அது எப்படி உதவிற்று, விலை வாரியாக வரிசைப்படுத்தும் குவெரி அங்கே ஏன் கடினமாகிறது என்ற இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

படிக்கும்போது கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். வார்ப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, எந்தச் சிக்கல், என்ன வடிவம், எந்தக் கட்டுப்பாடுகள், என்ன விலை, எங்கே பயன்படுத்தக் கூடாது என்று சொந்தச் சொற்களில் எழுதுங்கள். அதோடு, முற்றிலும் வேறான இரண்டு தொழில்களிலிருந்து உதாரணம் தேடி எழுதுங்கள். இரண்டாவது உதாரணம் கிடைக்காதவரை அந்த வார்ப்பு உங்களுக்குப் புரியவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். வரைந்த ஸ்கீமாவை உருவாக்கியதும், நல்ல தரவைப் போடுவதற்கு முன் கெட்ட தரவைப் போடுங்கள்: முடிவு நாள் தொடக்க நாளுக்கு முன் இருக்கும் விகிதம், எண் இல்லாத காசோலை, இல்லாத பொருளின் நகர்வு. எவை உள்ளே நுழைகின்றனவோ அவை ஒவ்வொன்றும் நீங்கள் இன்னும் எழுதாத ஒரு கட்டுப்பாடு.

முதல் பயிற்சியாக ஏலச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பெரும்பாலோர் அதை வீட்டிலேயே பார்த்திருக்கிறோம், விதிகளை யாரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. 20 சீட்டுகள், மாதம் 5,000 ரூபாய், 20 மாதங்கள், தொகை 1,00,000 ரூபாய். ஒரு மாதம் 20,000 ரூபாய் தள்ளுபடிக்கு ஏலம் போகிறது. எடுத்தவருக்கு 80,000, சீட்டு நடத்துபவரின் கழிவு 5 சதவீதம் என்றால் 5,000, மீதி 15,000 ரூபாயை 20 சீட்டுகளுக்கும் பிரித்தால் சீட்டுக்கு 750, ஆக அந்த மாதம் ஒவ்வொரு சீட்டுக்கும் கட்ட வேண்டியது 4,250. இருபது 4,250 சேர்ந்தால் 85,000. எடுத்தவரின் 80,000-மும் கழிவின் 5,000-மும் அதில் அடங்கிவிட்டன. உங்கள் பேரேட்டு அட்டவணையில் அந்த மாதத்தின் பதிவுகளைக் கூட்டினால் மிச்சமின்றி பூஜ்யம் வர வேண்டும்.

இப்போது உங்கள் ஸ்கீமாவிடம் இவற்றைக் கேளுங்கள். ஒரே ஆள் இரண்டு சீட்டு போட்டிருந்தால், ஆளையும் சீட்டையும் நீங்கள் பிரித்திருக்கிறீர்களா? எட்டாவது மாதத்தில் ஒருவர் தம் சீட்டைத் தம்பிக்கு மாற்றிக் கொடுத்தால், முதல் ஏழு தவணைகளைக் கட்டியவர் யார் என்பது தெரிகிறதா? ஒரு சீட்டில் உறுப்பினராக இருப்பவர் இன்னொன்றில் ஜாமீன்தாரராக வந்தால் அவரை மறுபடியும் புதிய ஆளாகப் பதிகிறீர்களா? நடத்துபவரின் கழிவுக்கான சட்ட உச்சவரம்பை 2019-இன் திருத்தம் 5 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக உயர்த்தியது. அதற்கு முன் தொடங்கி அதற்குப் பின் முடிந்த சீட்டில், எந்த மாதத்துக்கு எவ்வளவு கழிவு எடுக்கப்பட்டது என்பதை இன்றும் சொல்ல முடிகிறதா? ஒரே சீட்டு எண் இரண்டு மாதங்களில் ஏலம் எடுத்ததாகப் பதிந்தால் தரவுத்தளம் மறுக்கிறதா? இவற்றில் எந்தக் கேள்விக்கு உங்கள் அட்டவணைகள் தடுமாறுகின்றனவோ, அந்தக் கேள்விக்குரிய வார்ப்பிலிருந்து கற்கத் தொடங்குங்கள்.